ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு கல்யாணம்

"இந்தக் கையில வாங்குன பொருள் இந்தக் கையாலயே கெட்டுதுன்னு எவனாவது கூண்டுல ஏறிச் சொல்லட்டும் வே, பாப்போம்!"

சொன்னவர் எஸ்றா. சொன்ன இடம் கோர்ட் வாசல் டீக்கடை. இடது கையில் டீ கிளாஸ் இருந்ததால் வலது கையை மட்டுமே உயர்த்திக் காட்ட முடிந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு வக்கீல் குமாஸ்தாக்கள், டீக்கடைக்காரர், வாய்தாவுக்கு வந்திருந்த ஓர் ஆட்டுத் திருடர். குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். ஆட்டுத் திருடர் மட்டும் மரியாதையாகத் தலையாட்டினார். அவர் வழக்கில் சிக்கிய கயிறு எஸ்றாவின் பொறுப்பில்தான் இருந்தது. அது திடமாக இருப்பதை அவர் போன வாய்தாவில் கண்ணால் பார்த்து வருத்தப்பட்டவர்.

எஸ்றா, தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தை நம்பிச் சண்டை போடும் ஊர்களுக்கெல்லாம் பொதுவான ஒரு நடுவர் நீதிமன்றத்தில் வழக்குச் சொத்துகளைப் பாதுகாக்கும் எழுத்தர். எந்த ஊர்க் கோர்ட் என்பது வேண்டாம். நாளைக்கு நமக்கும் அங்கே ஒரு வாய்தா வரலாம். போலீஸ் கைப்பற்றி, துணியில் பொதிந்து, அரக்கு முத்திரை வைத்து அனுப்பும் அரிவாள், வேட்டி, சைக்கிள், சாராயக் கேன் எல்லாம் தீர்ப்பு வரும்வரை அவர் அறையில்தான் குடியிருக்கும். சொந்த ஊர் பாளையங்கோட்டை. தகப்பனார், பாட்டனார் எல்லாரும் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள். ஏதேன் தோட்டத்தைக் காக்கும் வேலையை ஆண்டவர் ஆதாமிடம் கொடுத்தார், ஆதாம் கோட்டை விட்டான் என்று வேதபாட வகுப்பில் கேட்ட நாளிலிருந்து, அப்போது தாம் டியூட்டியில் இல்லாமல் போனோமே என்பது எஸ்றாவின் தனிப்பட்ட வருத்தம்.

அவருடைய பாதுகாப்பு முறைகள் தனி சாஸ்திரம். அரிவாளுக்குத் தேங்காய் எண்ணெய், ரத்தக் கறையுள்ள பக்கத்தை விட்டுவிட்டு. வேட்டிகளுக்கு அந்துருண்டை. திசையன்விளையிலிருந்து வந்த திருட்டுக் கருப்பட்டிப் பெட்டிக்கு நான்கு செங்கல், நான்கு கிண்ணம் தண்ணீர். எறும்பு அங்கே நீதி கேட்டுத்தான் போக முடியும். ஒருமுறை சூதாட்ட வழக்கில் சண்டைச் சேவல் ஒன்று வந்தது. வழக்கு முடிந்து திரும்பியபோது அது வந்ததைவிடக் கொழுத்திருந்தது. பொருள் வந்தபடியே போக வேண்டும் என்ற கொள்கைக்கு இது முரணாகிவிட்டதே என்று எஸ்றா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்படிப்பட்டவர் அறைக்குத் தொண்ணூற்று ஐந்தாம் வருஷத்து அடைமழையில் ஒரு வீடியோ கேசட் வந்து சேர்ந்தது.

சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடராஜ் என்பவரின் வைக்கோல் படப்பு எரிந்துபோனது. தீ வைத்தவன் சமையல்காரன் பலவேசம் என்று அவர் புகார் கொடுத்தார். இருவருக்கும் வாய்க்கால் தண்ணீரில் பழைய தகராறு. "அங்கன கல்யாண வீட்டுல கெட்டிமேளம் கொட்டுது, இங்கன என் படப்புல பலவேசம் தீக்குச்சி கிழிக்கான். என் கண்ணால பாத்தேன்" என்பது அவர் வாக்குமூலம். அந்தக் கல்யாணத்துக்கு அவரை அழைக்கவில்லை. அந்தக் கோபத்தில் கெட்டிமேளத்தை மட்டும் நன்றாகக் காதில் வாங்கியிருந்தார். பலவேசமோ, "அந்தக் கல்யாணத்துக்குச் சமையலே நாந்தான். தாலி கட்டுதப்போ கரண்டியோட ஓடிவந்து அட்சதை போட்டேன்" என்றான். கல்யாணம் வீடியோவில் இருந்தது. ஆகவே ஒரு மனிதன் தீ வைத்தானா, அட்சதை போட்டானா என்பது அந்தக் கேசட்டில் தாலி ஏறும் இடத்தில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் அதைக் கைப்பற்றினார். பந்தியிலிருந்து பலவேசம் நழுவுவது அதில் தெரியும் என்பது அவர் நம்பிக்கை. போட்டுப் பார்க்க ஸ்டேஷனில் டெக் இல்லை. எனவே பார்க்காமலே நம்பி, பார்க்காமலே அரக்கு வைத்து அனுப்பிவிட்டார். கல்யாணப் பெண் மதுமதி மட்டும் ஸ்டேஷன் வாசலில் நின்று, "என் கல்யாணத்தையே அரெஸ்ட் பண்ணிட்டாங்களே" என்று அழுதாளாம்.

இங்கே சட்டத்துக்கு ஒரு சங்கடம் வந்தது. நம் சாட்சியச் சட்டம் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டில் எழுதியது. அதற்குக் கத்தியைத் தெரியும், கடிதத்தைத் தெரியும். கேசட்டை அது கனவிலும் கண்டதில்லை. கேசட் கடிதத்தின் ஜாதியா, கத்தியின் ஜாதியா? கடிதம் என்றால் எதிர்த்தரப்புக்கு நகல் தர வேண்டியிருக்கும். கத்தி என்றால் பொதிந்து வைத்தால் போதும். பட்டணத்துப் பெரிய வக்கீல்கள் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாதாடிக்கொண்டிருந்த காலம். எஸ்றா பொட்டலத்தை வாங்கி, விரலால் ஒரு தட்டுத் தட்டினார். கெட்டியாக இருந்தது. மடங்கவில்லை. "கத்தி" என்று தீர்ப்பளித்து உள்ளே கொண்டுபோனார்.

எங்கே வைப்பது? அலமாரிக்கு மேல் கூரை ஒழுகியது. தரையில் கறையான். மர அடுக்கில் எலி. மூலையில் ஒரு பெரிய தேக்கு ஸ்பீக்கர் பெட்டி நின்றது. குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போன ஒரு வேன், ஊரையே எழுப்பிக்கொண்டு போனதற்காகப் பறிகொடுத்த பெட்டி அது. பின்பக்கம் திறந்திருந்தது. உள்ளே, கூம்புக்குப் பின்னால், தோசைக்கல் போல வட்டமாக, கனமாக ஒரு இரும்பு. ஈரம் இல்லை, எலி இல்லை. எஸ்றா கேசட்டை அதன்மேல் வைத்தார். கேசட் சட்டென்று பிடித்துக்கொண்டது. லேசாக இழுத்துப் பார்த்தார். வர மனமில்லாமல் வந்தது. "பொருளே தன் இடத்தைத் தேடிக்கிட்டுது" என்று அவருக்குப் புல்லரித்துப் போனது.

பலவேசம் ஜாமீனில்தான் இருந்தான். ஆனால் வீட்டில் உலை கொதிக்கவில்லை. படப்புக்குத் தீ வைத்தவனை எந்தக் கல்யாண வீட்டிலும் அடுப்புக்குத் தீ வைக்கக் கூப்பிடவில்லை. அவன் பெண்டாட்டி பிரம்மநாயகி ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவனோடு வந்து, நேரே எஸ்றாவின் அறை வாசலில் நிற்பாள்.

"அண்ணாச்சி, கேசட்டு நல்லா இருக்கா?"

"உன் வீட்டுக்காரரைவிட நல்லா இருக்கு தாயி. தொட்டில்ல போட்ட பிள்ளை மாதிரித் தூங்குது."

"முழிச்சு வந்து பேசணும் அண்ணாச்சி. எங்களுக்குப் பேச ஆளில்ல."

"பேசும், பேசும். என் அறையில இருந்து ஊமையா ஒண்ணும் வெளிய போனதில்ல."

பலவேசத்தின் வக்கீல் நகல் கேட்டு மனுப் போட்டார். அப்போதிருந்த நடுவர் அலுவலகத்தின் கருத்தைக் கேட்டார். அலுவலகம் என்பது எஸ்றாதான். நகல் எடுக்க வேண்டுமானால் ஓட்ட வேண்டும், ஓட்ட வேண்டுமானால் முத்திரையை உடைக்க வேண்டும், உடைத்த முத்திரை கற்பிழந்த முத்திரை என்ற பொருள்பட அவர் உருக்கமாக எழுதிக் கொடுத்தார். விசாரணையின்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மனு தள்ளுபடியானது. எஸ்றாவுக்கு அன்று கூடுதலாக ஒரு டீ.

மறு வருஷம் கோடையில் அசன் முகம்மது வந்தார். கல்யாணத்தை வீடியோ எடுத்தவர். பத்தமடைக்காரர், வீட்டில் எல்லாரும் கோரைப்பாய் நெய்ய, இவர் மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணம் கல்யாணமாக அலைந்தார். சாட்சி சொல்ல வந்த அன்று வழக்கு தள்ளிப்போய்விட்டது. சும்மா நின்றவரை எஸ்றா கூப்பிட்டார்.

"உம்ம கேசட்டு எப்படி இருக்குன்னு பாக்கீரா வே? தொடக்கூடாது. வாசல்ல நின்னு பாரும்."

"எங்கன அண்ணாச்சி இருக்கு?"

"அந்தா, அந்த ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்பக்கம். வச்ச உடனே பச்சக்குன்னு பிடிச்சுக்கிட்டுதுல்லா! கூலிக்கு ஆள் வச்சாக்கூட இப்படிப் பிடிக்க மாட்டான்."

அசன் முகம்மது வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். "யா ரப்பே! அண்ணாச்சி, அது காந்தம்!"

"எது?"

"அந்த வட்டமா இருக்கே, அது. கேசட்டுல படம் காந்தத்துலதான் பதிஞ்சிருக்கு. அதுமேலயே காந்தத்தை வச்சா? எழுதுன சிலேட்டை ஈரத்துணியால துடைச்ச கதைதான்."

எஸ்றா கதவைப் பிடித்துக்கொண்டார். "முழுசும் போயிருக்குமா?"

"யாரு கண்டா? ஒரு பக்கம் மட்டும் போயிருக்கலாம். பாயைச் சுருட்டி மூலையில சாத்தி, ஒரு ஓரத்தைக் கறையான் அரிச்சா எப்படி இருக்கும்? விரிக்கையில சுத்துக்குச் சுத்து ஓட்டை வரும்லா? அப்படிப் படம் வரும், போகும், வரும், போகும். வேணும்னு எவனாவது அழிச்சா அப்படி வராது, ஒரேயடியா ஒரு இடத்துல நீளமாப் போயிரும்."

"இப்ப இது எப்படின்னு எப்படித் தெரியும்?"

"ஓட்டிப் பாத்தாத்தான்."

"ஓட்டணும்னா சீலை உடைக்கணுமே வே!"

"அப்ப தெரியாது."

"உம்மகிட்ட இன்னொரு கேசட்டு இருக்கும்லா?"

"எங்கன இருக்கு? கேமரா கேசட்டுல அடுத்த முகூர்த்தத்துக்கே வேற கல்யாணத்தை எடுத்தாச்சு. எல்லாரும் அப்படித்தான் செய்யுதாங்க. இது ஒண்ணுதான். நகல் எடுக்க மனுப் போட்டாங்களே, அப்பவே..." என்று ஆரம்பித்தவர் எஸ்றாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், "கவலைப்படாதீங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன். கோர்ட்டுல கேட்டா எனக்குத் தெரியாதுன்னுருவேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அந்தக் கேசட்டுக்கு ஊர்விட்டு ஊர் மாறும் உத்தியோகம் வந்தது. முதலில் இரும்பு பீரோவுக்குப் போனது. இரும்பு காந்தத்துக்குச் சொந்தக்காரனாயிற்றே என்று மதியச் சாப்பாட்டில் பாதியில் கை கழுவிவிட்டு ஓடிவந்து எடுத்தார். மர அடுக்கில் வைத்தார், எலி. வேட்டிகளுக்கு நடுவே வைத்தார். அந்துருண்டைக்கும் படத்துக்கும் ஆகுமா என்று யாரைக் கேட்பது? கடைசியில் கருப்பட்டிப் பெட்டிமேல், நான்கு கிண்ணத் தண்ணீருக்கு நடுவே, தீவாந்திரக் கைதி போல உட்கார வைத்தார். உட்கார வைத்துவிட்டு, தண்ணீரின் ஈரம் ஏறுமோ என்று எட்டி எட்டிப் பார்த்தார்.

அவராலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில், தலைக்கு மேல் ஒலிபெருக்கி தொங்குகிற பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், பாதிப் பாட்டில் எழுந்து முன்னால் போனார். அங்கேயும் ஒன்று தொங்கியது. பின்னால் வந்தார். போதகர் ஐயர் அன்றைக்குப் பார்த்து, எஜமானின் பொருளைக் காக்கும் உண்மையுள்ள உக்கிராணக்காரனைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். எஸ்றா வெளியே போய் வேப்பமரத்தடியில் செருப்புகளுக்குக் காவல் நின்றார்.

வீட்டில் ரேடியோ பெட்டி கொல்லைப்புறத்துக்குப் போயிருப்பதைப் பார்த்துவிட்டு அவர் மனைவி ஜெபராணி இடுப்பில் கை வைத்தாள். அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"என்ன, பித்தம் தலைக்கு ஏறிட்டா? துளசிச் செடியா அது, வெயில்ல வைக்க?"

எஸ்றா சொன்னார். காந்தத்தைச் சொன்னார், பாயைச் சொன்னார், அசன் முகம்மது கொடுத்த வாக்கையும் சொன்னார்.

"நேரா நடுவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

"சொன்னா?"

"திட்டுவாங்க."

"சொல்லலன்னா?"

"திட்ட மாட்டாங்க. அந்தப் பொம்பளதான் வந்து கேப்பா, கேசட்டு நல்லா இருக்கான்னு."

எஸ்றா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெருமுனைவரை போனார். நடுவர் புதிதாக மாறுதலாகி வந்தவர், இளவயதுப் பெண், அன்று லீவு நாள் என்பதெல்லாம் தெருமுனையில் ஞாபகம் வந்தது. திரும்பி வந்துவிட்டார். அடுத்த நாளும் தெருமுனைக்கு மேல் போகவில்லை.

அதற்குள் தசரா வேன் வழக்கு முடிந்தது. வேன்காரர் ஸ்பீக்கர் பெட்டியை வாங்கிக்கொண்டு, வாசலிலேயே போட்டுச் சோதித்துவிட்டு, அதிர அதிரப் போனார். எஸ்றாவின் குற்றத்துக்கு இருந்த ஒரே தடயமும் இப்படிச் சட்டப்படி, ரசீதுடன், வெளியேறியது. இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. இந்த நிம்மதி வந்தபிறகு அவருக்கு நகம் கடிக்கும் பழக்கம் வந்தது.

பிரம்மநாயகி வந்தாள். தூரத்தில் சேலை தெரிந்ததுமே எஸ்றா ஒரு திருட்டு சைக்கிளுக்குப் பின்னால் குனிந்தார். சைக்கிள் எந்த மனிதரையும் மறைக்கும்படி செய்யப்படவில்லை.

"அண்ணாச்சி, கேசட்டு நல்லா இருக்கா?"

"இருக்கு" என்றார் எஸ்றா. "நல்லா" என்பதை விட்டுவிட்டார். அவள் அதைக் கவனிக்காமல் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

விசாரணை நாள். வாடகை டிவியும் டெக்கும் வந்து மேஜைமேல் உட்கார்ந்தன. கோர்ட்டில் இப்படியொரு கூட்டம் கொலை வழக்குக்குக்கூட வந்ததில்லை. இலவசமாகக் கல்யாணம் பார்க்கலாம் என்று பக்கத்துக் கோர்ட் வக்கீல்களும் வந்து நின்றார்கள். மதுமதி பட்டுச் சேலையில் வந்திருந்தாள். தன் கல்யாணத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை. ஆட்டுத் திருடருக்கும் அன்று வாய்தா. நடுவர் முத்திரையைப் பார்த்தார், இரு தரப்பும் பார்த்தது, பழுதில்லை என்று ஒப்புக்கொண்டது. எஸ்றா தம் கையாலேயே உடைத்தார். அரக்குத் துணுக்குகளை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

டிவியில் விநாயகர் வந்தார். உடனே புள்ளி மழை. மறுபடி விநாயகர். மறுபடி மழை. வாழைமரம், மழை, மாமனார், மழை. மூச்சிரைக்கிற ஆள் பேசுகிற மாதிரி படம் வந்தது, போனது, வந்தது, போனது. எஸ்றாவுக்குப் பாய் விரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அவர் வைத்த ஓட்டை.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை குனிந்தார். கூட்டத்துக்குப் பின்னால் கையில் கரண்டியோடு ஒரு உருவம் எக்கியது. மழை. கை உயர்ந்தது. மழை. மதுமதி தலைமேல் அரிசி.

"பலவேசம்லா!" என்று யாரோ கத்த, நடுவர் மேஜையைத் தட்டினார்.

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். "கனம் நடுவர் அவர்களே, இந்தக் கேசட்டில் கை வைத்திருக்கிறார்கள். எதையோ அழித்து எதையோ சேர்த்திருக்கிறார்கள். இதை நம்ப முடியாது." அசன் முகம்மதுவைப் பார்த்து, "கொடுக்கும்போது இப்படித்தான் இருந்ததா?" என்றார்.

"இல்ல ஐயா. கண்ணாடி மாதிரி இருந்துது."

"அப்புறம் எப்படிக் கெட்டது?"

அசன் முகம்மது கூரையைப் பார்த்தார். வாக்கு வாக்குதான். "எனக்குத் தெரியாது ஐயா."

நடுவர் பேனாவை மூடினார். "முத்திரை பழுதில்லை. அறைக்குள் போனபின் கெட வழியில்லை. அப்படியென்றால் போலீஸ் கைக்கு வருவதற்கு முன்னாலேயே கல்யாண வீட்டார் யாரோ குற்றம் சாட்டப்பட்டவருக்காகக் கை வைத்திருக்க வேண்டும். இதை ஒதுக்கிவிடலாமா?"

பலவேசத்தின் வக்கீல் எழுந்து சட்டப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். வாசல் தூணருகே நின்ற பிரம்மநாயகி எஸ்றாவைப் பார்த்தாள். அவள் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பேசத் தெரிந்த ஒருவர் தனக்குத் தெரிந்தவர் என்ற நம்பிக்கையில், சும்மா பார்த்தாள்.

எஸ்றா இருமினார். "அம்மா, ஒரு வார்த்தை."

"என்ன எஸ்றா, டிவியை எடுக்கணுமா?"

"இல்லம்மா. நான் கூண்டுல ஏறணும்."

கோர்ட் தானே ஒருவரைச் சாட்சியாகக் கூப்பிடச் சட்டத்தில் இடம் உண்டு. தம் எழுத்தரையே கூப்பிட்ட நடுவர் அந்த வட்டாரத்தில் இவர்தான். எஸ்றா ஏறினார். தினம் துடைத்து வைக்கும் கூண்டு. உள்ளிருந்து பார்க்க வேறு மாதிரி இருந்தது. வேதாகமத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தார். ஸ்பீக்கரைச் சொன்னார். காந்தத்தைச் சொன்னார். சுருட்டிய பாயையும் சுற்றுக்குச் சுற்று வரும் ஓட்டையையும் சொன்னபோது, அசன் முகம்மது தாங்க முடியாமல் பின்னாலிருந்து, "ஆமா, ஆமா" என்றார்.

நடுவர் மறுபடி ஓட்டச் சொன்னார். இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பார்த்தார். மழை தாளம் தப்பாமல் வந்து போனது. வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. தாலி ஏறும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். கரண்டி உறைந்து நின்றது.

"நடராஜ், இது யார்?"

நடராஜ் படத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பிறகு தம் கால் பெருவிரலைப் பார்த்தார். "பலவேசந்தான்."

"கெட்டிமேளம் கேட்டுக்கொண்டிருக்கும்போது?"

"ஆமாம்மா."

நடுவர் எஸ்றா பக்கம் திரும்பினார். "பதிவுக்காகக் கேட்கிறேன். இந்தச் சான்றுப் பொருள் யார் கையால் கெட்டது?"

பின்வரிசையில் ஆட்டுத் திருடர் கழுத்தை நீட்டினார். டீக்கடைக்காரரும் கிளாஸ் எடுக்க வந்தவர் போல வாசலில் நின்றார்.

"என் கையாலதான்" என்றார் எஸ்றா.

டைப் அடிக்கிற பெண் தலையை நிமிர்த்தினாள். "கேக்கல அண்ணாச்சி. இன்னொருக்க சொல்லுங்க."

எஸ்றா இன்னொருக்க சொன்னார். அப்போதும் பையத்தான்.